ரெகுலேட்டருக்குள் பதினாலு சிலந்தி

ஜூலை 8, திங்கள்
ரஞ்சன்காவ் பிளான்ட்டில் பெயின்ட் சூளை இன்றும் நின்றது. பத்து நாளில் மூன்றாவது முறை. கேஸ் அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது. ரெகுலேட்டரை மாற்றச் சொல்லி மேனேஜர் கதம் கத்துகிறார். மாற்ற மாட்டேன். காரணம் தெரியாமல் பார்ட்டை மாற்றுகிறவன் எஞ்சினியரா? மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமாகும் கன்ஃபர்மேஷன் வேறு.

ஜூலை 9
ஒன்றும் பிடிபடவில்லை. நாளை ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்துவிடுகிறேன்.

ஜூலை 10, புதன்
கிடைத்தது! ரெகுலேட்டர் மூச்சுவிடும் துளை முழுக்க மண். குளவிக்கூடு. ஸ்க்ரூடிரைவரால் நோண்டினால் சிலந்திகளாக உதிர்கின்றன — பதினாலு. செத்தவை என்று நினைத்தேன். பேனா முனையால் தொட்டால் ஒன்று காலை மடக்குகிறது. குளவி கொட்டி முடக்கிவைத்து, முட்டையிட்டு, அடைத்துவிடுமாம். புழு வந்து உயிரோடு தின்னும். கெட்டுப்போகாத சாப்பாடு. பிரமாதமான டிசைன்.

டெக்னீஷியன் தங்கராஜ் அண்ணனிடம் காட்டினேன். கசார்வாடியிலிருந்து வரும் கான்ட்ராக்ட் ஆள். முகம் மாறிவிட்டது.

"போன வாரமே பாத்தேன் தம்பி."

"பாத்துட்டு சும்மா இருந்தீங்களா?"

"எம் மக ஷீலாவுக்கு ஏழு மாசம். புள்ளத்தாச்சி இருக்கறப்ப குளவிக்கூட்டக் கலைப்பாங்களா?"

"இது வீடாண்ணே? கேஸ் லைன்!"

ஜூலை 11
கதமுக்குக் காரணம் வேண்டாம், ஆள் வேண்டும். "சுத்தம் பண்றது தங்கராஜ்தானே? உஸ்கா கேட் பாஸ் லே லோ." கேட் பாஸைப் பிடுங்கச் சொல்கிறார். நாளை நான் ரிப்போர்ட் கொடுத்ததும் அண்ணனுக்கு வேலை போகும். அவரும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

டிபன் மூடியில் வைத்த சிலந்திகளில் ஆறுக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

ஒன்று உறுத்துகிறது. அந்தத் துளைக்கு ஒரு மூடி இருந்திருக்க வேண்டுமே?

ஜூலை 12
இருந்தது. கம்பிவலை மூடி. பெயின்ட் தூசு அடைக்கிறது, வாராவாரம் கழுவுவது வெட்டி வேலை என்று மே மாதம் பதினொரு ரெகுலேட்டர்களின் மூடிகளையும் கழற்றி வீசச் சொன்னது யார்? நான்.

"வேணாம் தம்பி, பூச்சி பூந்துரும்"னார் அண்ணன். "சொன்னதச் செய்ங்கண்ணே"ன்னேன். நேற்றுகூட அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

ரிப்போர்ட் எழுதிவிட்டேன். காரணம்: வலைமூடிகள் அகற்றம். உத்தரவிட்டவர்: அருண்ராஜ். அண்ணன் கூட்டைப் பார்த்ததையும் எழுதுவதா? மூடி இருந்திருந்தால் பார்ப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. எழுதவில்லை.

ஜூலை 15
"பாகல் ஹை க்யா?" பைத்தியமா என்று கத்தினார் கதம். கன்ஃபர்மேஷன் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. போகட்டும். கேட் பாஸ் அண்ணன் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 5
பதினொரு புது மூடி. சனிக்கிழமைதோறும் நானே கழுவுகிறேன். சூளை அதற்குப்பின் ஒருமுறைகூட நிற்கவில்லை.

காலையில் பார்த்தால், கொக்கியில் மாட்டியிருந்த என் ஹெல்மெட்டுக்குள் குளவி மண் பூசிக்கொண்டிருக்கிறது. அண்ணன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

"என்ன பண்ணப் போறீங்க தம்பி?"

ஸ்டோருக்குப் போய் வேறு ஹெல்மெட் கேட்டேன். பழையது என்னவாயிற்று என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. 'உபயோகத்தில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.