கடல் விட்டுப்போன சேறு

பிப்ரவரி 3

ஆபீஸில் என் நாற்காலியின் ஒரு கால் இன்று ராஜினாமா செய்துவிட்டது. ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுப் போனார் ஸ்டோர்காரர். மண் ஆய்வுத் துறையில் செங்கல் கிடைத்ததே பெரிது.

மாலையில் தம்பி போன் பண்ணினான். "அக்கா, ஞாயித்துக்கிழமை அந்த ஓட்டை போடுற கம்பியை எடுத்துக்கிட்டு வா. நிலத்தைப் பாத்துச் சொல்லு." மண்ணைத் துளைத்து எடுக்கும் என் ஆகருக்கு அவன் வைத்திருக்கும் பெயர் அது.

லாரி ஓட்டுவதை விட்டுவிட்டான். போன வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, வண்டி சாலையோரப் பள்ளத்தில் இறங்கி நின்றது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் மனைவி போன் அடித்தாலே நடுங்குகிறாள். கையிலிருந்ததை எல்லாம் போட்டு, மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு தாழ்ந்த நிலம் வாங்கியிருக்கிறான். நீரை வடித்துவிட்டுக் காய்கறி போடப்போகிறானாம். இது கைகொடுக்காவிட்டால் மறுபடியும் லாரிதான். வேறு தொழில் தெரியாது அவனுக்கு.

பிப்ரவரி 8, ஞாயிறு

என்ன மண் அது!

மேலே ஒரு சாண் கறுப்பு. வேர்கள் பின்னிய மெத்தை. அதற்குக் கீழே பழுப்பு. முழங்கால் ஆழம் தாண்டியதும் ஆகர் சத்தமே இல்லாமல் இறங்கியது, வெண்ணெயில் கத்தி போல. இழுத்தால் நீலம் கலந்த சாம்பல் நிறக் களிமண். கையில் வைத்து அழுத்தினால் விரலிடுக்கு வழியே வழிகிறது. லேசாக அழுகிய முட்டை வாசனை. தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டான். நான் இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

இன்னும் ஆழத்தில் ஒரு மரத்துண்டு வந்தது. அலையாத்தி வேர். பட்டை உரியவில்லை. இப்போது கடல் இங்கிருந்து அரைமணி நேரப் பயணம். அப்படியானால் இந்த வேர் ஊன்றியிருந்த காலத்தில் இதே இடத்தில் அலை ஏறி இறங்கியிருக்க வேண்டும். சில ஆயிரம் வருஷம் இருக்கும். கடல் பின்வாங்கியது, மணலை மேடாகக் குவித்தது, சேற்றை இங்கே விட்டுப் போய்விட்டது. காற்றுப் படாததால் வேர் மக்கவே இல்லை. அதைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இங்க கடல் இருந்துச்சுடா" என்றேன்.

"அப்போ நான் கடலையா விலைக்கு வாங்கியிருக்கேன்?" என்றான். அவன் மனைவி சிரித்த சிரிப்பில் கொக்கு ஒன்று எழுந்து பறந்தது.

பி.எச். தாளை வைத்துப் பார்த்தேன். அமிலமும் இல்லை, காரமும் இல்லை, நடுநிலை. இந்த மாதிரிச் சேறு காற்றுப் பட்டால் எப்படி மாறும் என்று பெராக்சைடு விட்டும் பார்க்கவேண்டும். பாட்டிலை ஆபீஸிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். லேபில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பையை இறுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது "நல்ல மண்ணுடா" என்று சொன்னேன். அவன் முகம் மலர்ந்த அழகு!

பிப்ரவரி 9

பை லேப் ஃப்ரிட்ஜில். ஒரு கட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை ஜன்னலில் ஒரு தட்டில் வைத்திருக்கிறேன். புறாக் கழுத்து நிறம். ஆய்வுக்கு இல்லை, அழகுக்கு.

பிப்ரவரி 17

வடக்கு மலைச்சரிவு அறிக்கை. வேறு எதற்கும் நேரமில்லை.

மார்ச் 1, ஞாயிறு

தேநீர் போடும்போது பார்த்தேன். கட்டி காய்ந்து வெடித்திருக்கிறது. வெடிப்புக்குள்ளே வைக்கோல் நிறத்தில் மஞ்சள் புள்ளிகள். பழைய வேர் ஓடிய துளைகளை ஒட்டி மஞ்சளாகக் கோடு போட்டதுபோல் இருக்கிறது.

எனக்கு அந்த மஞ்சளைத் தெரியும். புத்தகத்தில் தெரியும். கையில் இதுவரை வந்ததில்லை.

கொஞ்சம் பொடித்துத் தண்ணீரில் கரைத்துத் பி.எச். தாளை நனைத்தேன். சிவந்துவிட்டது. மூன்று. எலுமிச்சம்பழச் சாற்றுக்குப் பக்கத்தில் போய்விட்டது. மூன்று வாரம் முன்பு தண்ணீர்போல் சாதுவாக இருந்த அதே மண்! யாரும் எதையும் ஊற்றவில்லை. காற்று பட்டது, அவ்வளவுதான்.

'நல்ல மண்ணுடா'. நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

மார்ச் 2

ஃப்ரிட்ஜ் மண்ணில் பெராக்சைடு விட்டேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு பொங்கியது. நுரைத்துப் புகைந்து பீக்கரைத் தாண்டி வழிந்தது. கண்ணாடியைத் தொட முடியாத சூடு. அடுப்பு கிடையாது, தீ கிடையாது — மண் தானாகக் கொதித்தது.

மைக்ராஸ்கோப் பார்க்கிறவளைக் கூப்பிட்டேன். கண்கூர்மைக்காக அவளைக் கழுகு என்றுதான் அழைப்போம். மெல்லிய சீவலாக்கி வைத்துப் பார்த்தவள் எழுந்து எனக்கு இடம் விட்டாள்.

பொன்! செத்துப்போன வேரின் குழாய்க்குள் பொன் நிறத்தில் குட்டிக்குட்டி உருண்டைகள். ஒவ்வொரு உருண்டையும் அதைவிடச் சின்ன மணிகளால் கோத்தது, மாதுளம்பழத்தை உரித்து வைத்த மாதிரி. கடல்நீரிலிருந்த கந்தகமும் சேற்றிலிருந்த இரும்பும், காற்றில்லாத இருட்டில், அழுகும் வேரைத் தின்ற கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் தயவால் சேர்ந்து இப்படி ஆகியிருக்கின்றன. படித்ததுதான், பரீட்சைக்கு எழுதியதுதான். ஆனாலும் பார்க்கும்போது கண் நிறைந்துவிட்டது. யாருக்காக இவ்வளவு ஒழுங்கு? அந்த இருட்டில் பார்க்க யார் இருந்தார்கள்?

தண்ணீர் மேலே நிற்கும்வரை இது பரம சாது. நீரை வடித்துக் காற்றை உள்ளே விட்டால் கந்தக அமிலம். பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதே அமிலம்.

கழுகு சொன்னாள்: "சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. யாரும் அங்க வாய்க்கால் வெட்டலையே?"

மதியம் தம்பி ஒரு படம் அனுப்பினான். மண் அள்ளும் இயந்திரம் வந்து போன வாரமே முதல் வாய்க்காலை வெட்டிவிட்டதாம். 'அக்கா, தண்ணியைப் பாரு! அடி தெரியுது!'

தெரிகிறது. கண்ணாடி. பச்சையும் நீலமும் கலந்த கண்ணாடி. அமிலம் களிமண்ணிலிருந்து அலுமினியத்தை இளக்கிவிடும். அது தூசியையெல்லாம் திரட்டிக் கீழே படியவைத்துவிடும். அந்தத் தெளிவு ஆரோக்கியம் இல்லை.

மார்ச் 4

சண்டை.

வாய்க்கால் ஓரமெல்லாம் துரு. தண்ணீரில் ஒரு பூச்சி இல்லை, கொசுப்புழுகூட இல்லை. மீன்குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

"இதை மூடுடா. இன்னைக்கே மூடு."

"வெயில்ல செத்திருக்கும். தண்ணி எவ்ளோ சுத்தமா இருக்கு பாரு."

"வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பாத!"

"நல்ல மண்ணுன்னு சொன்னது யாருக்கா? நானா?"

அவன் கேட்டதில் என்ன தப்பு? நான்தானே சொன்னேன். பாட்டில் இல்லைன்னா வாயை மூடிக்கிட்டு வந்திருக்கணும். பெரிய ஆய்வாளர்! எத்தனை நிலத்தைப் பாத்திருக்கே, சொந்தத் தம்பி நிலத்துக்குத்தானா அவசரம்?

கிளம்பும்போது அவன் மனைவி கார் வரைக்கும் வந்தாள். "அண்ணி, இந்த நிலம் போனா அவரு மறுபடியும் ரோட்டுக்குத்தான் போவாரு. போனா ஒவ்வொரு தடவையும் திரும்பி வருவாரா?"

மார்ச் 6

தம்பி போனை எடுக்கவில்லை.

மார்ச் 7

எடுக்கவில்லை. கோடை ஏறிக்கொண்டிருக்கிறது. வாய்க்கால் ஒருபக்கம் உறிஞ்ச, வெயில் ஒருபக்கம் உறிஞ்ச, நீர்மட்டம் அந்த நீலக் களிக்குக் கீழே போனால் முழு நிலமும் விழித்துக்கொள்ளும். அதன்பிறகு அவன் ஆயுசுக்குள் சரியாகாது.

மார்ச் 10

மண்ணைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். மண் என்ன செய்தது? அது நீருக்குள் பிறந்த மண், நீருக்குள் இருக்கும்வரை யாரையும் ஒன்றும் செய்யாது. 'இங்கே என்ன விளையும்' என்று அவன் கேட்கவேண்டியதில்லை. 'நிற்கிற தண்ணீரில் என்ன வாழும்' என்று கேட்கவேண்டும். நெல் வாழும். வாத்து வாழும். வெட்டவே வேண்டாம், தேக்கினால் போதும்.

ஆனால் இதைச் சொல்ல நான் யார்? என் சொல்லுக்கு அங்கே இப்போது மதிப்பில்லை.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லப் போகவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன்.

வேலியோரம் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். அவன் மனைவியிடம் ஒரு கண்ணாடி டம்ளர் கேட்டேன். "நீயே எடு. உனக்குப் பிடிச்ச இடத்துல எடு" என்று ஆகரை அவன் கையில் கொடுத்தேன். வேண்டா வெறுப்பாக எடுத்தான். நிலத்தின் நடுவிலிருந்து நீலக் களி. டம்ளரில் போட்டு, பெராக்சைடையும் அவனையே ஊற்றச் சொன்னேன். கண்ணில் தெறிக்காமல் தள்ளி நிற்கச் சொன்னதைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் அபூர்வம்.

பொங்கியது. புகை வந்தது. டம்ளர் படக்கென்று விரிசல் விட்டது.

"மண்ணு கொதிக்குதுக்கா" என்றான். குரலே மாறிவிட்டது. இருபது சக்கர லாரியை மலைப்பாதையில் இறக்கியவன், ஒரு டம்ளருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாய்பிளந்து பார்த்தான். "இவ்ளோ கோவத்தை வெச்சுக்கிட்டா சும்மா படுத்திருந்துச்சு?"

அவன் மனைவிதான் முதலில் சிரித்தாள். "உங்க குடும்பத்து மண்ணுங்க."

இருட்டுவதற்குள் வாய்க்கால் வாயைக் களியும் மணல்மூட்டையும் போட்டு அடைத்துவிட்டோம். நாளை பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீர் ஏற்றப் பம்ப் வைக்கிறான்; காய்கறிக்குப் பதில் நெல்லும் வாத்தும்.

ஏப்ரல் 11

தண்ணீர் தாக்குப்பிடிக்கிறது. பம்ப் இரண்டு தடவை நின்றது; நீர்மட்டத்தைத் தினமும் குச்சி வைத்துப் பார்த்துச் சொல்கிறான். நான் கேட்பதற்கு முன்பே சொல்கிறான்.

ஏப்ரல் 24

இந்த மண்ணுக்கான விவரணை எழுதி முடித்தேன். கடலோரத் தாழ்நிலம், பழைய அலையாத்திச் சதுப்பு, நீண்ட கோடையும் கொட்டும் மழையும் மாறிமாறி வரும் பருவம், நீர்மட்டம் மேலே, களி நீலச்சாம்பல், பதம் வெண்ணெய், ஈரத்தில் நடுநிலை, உலர்ந்தால் கடும் அமிலம். எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. ஆச்சரியத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை, இங்கே எழுதிக்கொள்கிறேன்: இத்தனை வருஷம் மண் என்றால் கிடக்கிற ஒன்று என்று என்னையறியாமல் நினைத்திருக்கிறேன். இது காத்திருக்கிறது. நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று பார்த்துக்கொண்டு, கடல் போன நாளிலிருந்து காத்திருக்கிறது. பயமாகவும் இருக்கிறது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றுகிறது.

ஜூன் 19

மழை!

ஆகஸ்ட் 2

போய்ப் பார்த்தேன். வாய்க்கால் வெட்டிய ஓரம் மட்டும் மொட்டை. எவ்வளவு சுண்ணாம்பு போட்டும் புல்கூட இல்லை. அது என் கணக்கில். மற்ற இடமெல்லாம் நாற்றுப் பிடித்துவிட்டது. வாத்துகள் என்னை மதிக்கவில்லை.

செப்டம்பர் 13

தம்பி மனைவி போன் பண்ணினாள். சிரிப்பில் பாதி வார்த்தை புரியவில்லை.

பழைய லாரி முதலாளி வந்திருந்தாராம், ஆள் பற்றாக்குறையாம். புது வண்டி தருகிறேன், வா என்று வரப்பில் நின்று கூப்பிட்டாராம். இவன் முழங்கால் தண்ணீரில் நின்று மடையைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

"அப்புறம்?" என்றேன்.

"தண்ணி ஒரு விரக்கடை இறங்கியிருக்கு, இப்ப வர முடியாதுன்னுட்டாரு அண்ணி. வரப்பு மேல ஏறவே இல்ல. கடைசியில முதலாளிதான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள இறங்கினாரு."