வேலிக் கொடியின் பெயர்

அக்கா,

காலையில் வேலியோரம் களை பிடுங்கும்போது ஒரு கொடி கையோடு வந்தது. இலை கசங்கியதும் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. அதை மணம் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். கையைக்கூடக் கழுவாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய்விட்டதாகச் சேதி வந்து ஒரு மாதம் ஆகிறது. அழுகை இன்றைக்குத்தான் வந்தது.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் உங்கள் அடுத்த வீட்டுக்குக் குடிவந்தோம். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். நான் மெட்ராஸ் சந்து ஒன்றில் வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த செடியெல்லாம் தொட்டி ரோஜாதான். எதற்கெடுத்தாலும் பயம் வேறு. கோட்டை மலைப் பாறை உருண்டால் நம் கூரைமேல்தான் விழும் என்று நான் புலம்ப, "ராஜா காலத்துலயே உருளல, உனக்காகவா உருளப் போவுது?" என்றீர்கள்.

ஒருமுறை என் அண்ணன் ஊட்டியிலிருந்து ஏதோ பழம் கொண்டுவந்தான். என்ன பழம் என்று அவனுக்கும் தெரியவில்லை. ஆசையாக உங்களுக்கு ஒன்று நீட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தீர்கள். "பேரு தெரியாத பழத்த நாங்க வாயில வெக்கிறதில்ல, தப்பா நினைக்காத." சமணர் வீடுகளில் அது விரதம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் கொல்லை வேலியில் இந்தக் கொடி தானாக முளைத்தது. வெள்ளைப் பூ, நடுவில் ஊதா. மொட்டையும் காயையும் சுற்றிப் பச்சை நூலால் பின்னிய வலைபோல ஓர் உறை. இது என்ன பூ என்று உங்களைக் கேட்டேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். "தெரியலியே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். பால்காரம்மாவைக் கேட்டால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டினாள். ஏதோ ஆகாத செடி, சொல்லத் தயங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பூவின் அழகு பிடுங்க விடவில்லை. தினம் இரண்டு பறித்து மாதா படத்துக்கு வைத்துவந்தேன்.

அன்றைக்கு அமாவாசை. வீட்டுக்காரர் மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷல் பஸ்ஸில் போயிருந்தார். சாயங்காலம் கொல்லைக்குப் போனால், இரண்டு வயதுகூட நிரம்பாத என் மகள் ரோஸி வேலியோரம் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். வாயெல்லாம் வழவழவென்று விதை. விரலை விட்டுத் தோண்டினேன்; முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியில்லை. வந்த பஸ்ஸெல்லாம் மலையனூருக்கே போய்க்கொண்டிருந்தது.

திரும்பி ஓடிவந்து உங்கள் வாசலில் விழுந்தேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமென்று நீங்கள் தட்டு வைத்து உட்காரும் நேரம். எழுந்துவந்து பிள்ளையின் வாயை மோந்து பார்த்தீர்கள்.

"தின்னது காயா, பழமா?"

மஞ்சளாக இருந்தது என்றேன்.

"அப்ப ஒண்ணும் ஆவாது. விஷமில்ல, பயப்படாத."

எப்படி நம்புவேன்? தெரியாது என்று சொன்னவரே நீங்கள்தானே. பெயரே தெரியாதபோது விஷமில்லை என்பது மட்டும் எப்படித் தெரியும் என்று கத்திவிட்டேன். பிள்ளையின் கை சில்லிட்டிருப்பதாகத் தோன்றியது. என் கையோ என்னவோ.

நீங்கள் எங்கள் கொல்லைக்கு நடந்தீர்கள். வலையைப் பிய்த்து ஒரு பழத்தை எடுத்து, என் கண்ணெதிரே வாயில் போட்டு மென்று விழுங்கினீர்கள்.

போன உயிர் அப்போதுதான் எனக்குத் திரும்பி வந்தது. செத்தாலும் நீங்கள் விரதத்தை விடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். "அப்ப உங்களுக்குப் பேரு தெரியும்" என்றேன்.

தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என் காதருகே வந்து சொன்னீர்கள். பூனையில் தொடங்கி, ஆண்பூனைக்கு மட்டும் உள்ள ஒன்றில் முடிகிற பெயர். "உன் வீட்டுக்காரர வெச்சிக்கிட்டு இத எப்பிடிச் சொல்றது?"

அழுதுகொண்டே சிரித்தேன். சட்டென்று மாதா படம் நினைவுக்கு வந்தது. பூவை எடுக்க ஓடியவளைக் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "இருக்கட்டும் விடு. பேரு மனுஷன் வெச்சது. பூ இன்னா பண்ணுச்சு?"

வீட்டுக்காரர் வரும்வரை உங்களை நான் விடவில்லை. ரோஸி உங்கள் மடியில் தூங்கிப்போனாள். விளக்கேற்றும்போதுதான் உங்கள் தட்டு நினைவுக்கு வந்து பதறினேன். இனி நீங்கள் மறுநாள்தான் சாப்பிட முடியும்.

"ஒரு பழம் தின்னேனே, போதும்" என்றீர்கள்.

மூலிகைப் புத்தகம் ஒன்றில் இதற்குச் சிறுபூனைக்காலி என்று மரியாதையான பெயர் போட்டிருக்கிறார்கள். எனக்கு நீங்கள் சொன்னதுதான் பெயர்.

ரோஸிக்குத் தலை நரைத்துவிட்டது அக்கா. மார்பில் ஒரு கட்டி. சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாளைக்கு முடிவு தெரியும். பயப்படாதீங்க என்கிறார் டாக்டர். நல்லவர்தான். ஆனால் எனக்கு முன்னால் எதையாவது வாயில் போட்டு மென்று காட்ட அவரால் முடியாதே.

இரண்டு பூ பறித்து மாதா படத்துக்கு வைத்திருக்கிறேன். ரோஸி சாப்பிடக் கூப்பிட்டாள், வேண்டாமென்றேன். வேலியில் பழுத்தது ஒன்று இருந்தது. பெயரைச் சொல்லித்தான் தின்றேன். இன்றைக்கு அது போதும் அக்கா.