முழங்கை உயரம்

மார்ச் 4
எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருமகள் போனில் ஒரு இடத்தைக் காட்டி, "மாமா, இதை அமுக்கிட்டுப் பேசுங்க, அதுவே எழுதிக்கும். என்னைக் கேள்வி கேட்டுக் கொல்லாம இதுகிட்ட பேசுங்க" என்றாள். சரி, பேசுகிறேன்.

மகன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான். மூட்டுவலியோட அவ்வளவு தூரம் வேண்டாம் என்று என்னைக் கூட்டிப்போகவே இல்லை. மரம் கடையும் மெஷின் அவன் காலில் விழுந்ததிலிருந்து பட்டறை பூட்டிக் கிடந்தது. இன்று திறந்தேன். மெஷினைத் தாங்கியிருந்த அந்த இரும்பு மேசை — அது மேசையா? வெறும் தகரம். அன்றைக்குக் கோணல் கட்டையைச் சுற்றவிட்டதும் இடம் விட்டு நகர ஆரம்பித்தது. "நடக்குதுப்பா, பாருங்க" என்று சிரித்தான். சிரிப்பு முடியவில்லை, சாய்ந்துவிட்டது.

அவன் வருவதற்குள் மரத்தில் ஒரு ஸ்டாண்டு செய்யவேண்டும். யானை முட்டினாலும் அசையக்கூடாது. அவனுக்குத் தெரிந்தது இந்த ஒரு தொழில்தான்.

மார்ச் 6
நம்பர் தெரியாதவனுக்குக் குச்சிதான் அளவு. மெஷின் வந்த அன்றே அவனை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அந்த உயரத்துக்குக் குச்சியில் வெட்டுப் போட்டேன். "கோட்டு தைக்கப் போறீங்களா?" என்றான். கட்டை சுற்றுகிற மையம் முழங்கைக்கு நேராக வரணும். தாழ்ந்தால் முதுகு போகும், உயர்ந்தால் தோள் போகும். குச்சி பரணில் அப்படியே இருந்தது.

மார்ச் 9
கால் நாலும் அறுத்தாச்சு. மருமகள் சாப்பாட்டுப் பையோடு நின்று பார்த்தாள்.

"கால் கொஞ்சம் குட்டையா வெச்சா என்ன மாமா?"

"உன் புருஷன் என்ன குள்ளனா?"

டப்பாவைத் திறந்தாள், மூடினாள்.

மார்ச் 10
மூட்டுவலி. வேலை இல்லை.

மார்ச் 13
கீழே சுற்றிலும் குறுக்குச் சட்டம். அதன்மேல் பெட்டி அடித்து மணல் நிரப்பினேன். பக்கத்து வெல்டிங்காரரும் அவர் மச்சானும் மெஷினைத் தூக்கி வைத்தார்கள். "பெரியவரே, இது ஸ்டாண்டா, பாலத்துத் தூணா?" சுவிட்சைப் போட்டு, ஓரத்தில் தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"எப்ப நடப்பான்?" என்று மருமகளைக் கேட்டேன்.

"கூட்டிட்டு வந்துடறோம் மாமா."

நான் கேட்டது அது இல்லையே.

மார்ச் 17
வந்தான். சக்கர நாற்காலியில். போர்வை இடப்பக்கம் தட்டையாகக் கிடந்தது. தொடைக்குக் கீழே கால் இல்லை. எடுத்துட்டாங்க. எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. ஏம்மா, சொன்னா நான் என்ன செத்தா போயிடுவேன்?

'குட்டையா வெச்சா என்ன' — சொல்லித்தான் இருக்கிறாள். என் மண்டையில்தான் ஏறவில்லை.

பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். முன்சட்டத்தில் நாற்காலி இடித்து நின்றது. மெஷின் அவன் தாடைக்கு நேராக இருந்தது.

"நல்லா பலமா இருக்குப்பா" என்றான்.

மார்ச் 19
மெஷினை இறக்கினோம். நாற்காலி நுழைய முன்சட்டத்தைக் கழற்றி, மணல்பெட்டியைப் பின்னால் தள்ளினேன். அவன் உட்கார்ந்தபடி முழங்கையை மடக்கினான். குச்சியில் புது வெட்டு. இரண்டு வெட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு முழம்.

காலில் ரம்பத்தை வைத்தேன்.

"மயக்க ஊசி போட்டீங்களா அதுக்கு?"

நான் சிரிக்கவில்லை. அவனும்தான். நாலையும் அறுத்தேன்.

மார்ச் 28
இன்றுதான் கட்டையை மாட்டினான். ஓரத்தில் வைத்த தம்ளர் ததும்பியது. முன்சட்டம் போனால் பலமும் போகும், எனக்குத் தெரியாதா? அவன் உளியைத் தள்ளி வைத்தான்.

"நடக்குதுப்பா."

பின்னால் போய் மணல்பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தேன். "இப்போ போடுடா."

தம்ளரில் தண்ணீர் அசையாமல் நின்றது.

ஏப்ரல் 2
காலையிலிருந்து கடைந்தான். நான் மணல்பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.