சட்டைப் பையில் இருந்த பேட்டரி

செஞ்சி
12.11.2025, புதன்

அன்புள்ள இளவரசனுக்கு,

நைனா எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, மணிமொழி மூவரும் நலம். நீயும் அந்தக் குளிர் ஊரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நீ சரி நைனா, சரி நைனா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், பாதி விஷயம் என் வாயிலேயே நின்றுவிடுகிறது. இங்கே ஐப்பசி மழை பரவாயில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்புபோல்தான். ரேஷன் கடை மிஷினில் அவள் கைரேகை விழமாட்டேன் என்கிறது, பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகையே அழிந்துவிட்டது என்று நான் சொல்லப்போக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ரஞ்சிதத்தின் கோபம் உனக்குத் தெரியாததா, காபி மட்டும் நேரத்துக்கு வந்துவிடும், பேச்சுதான் வராது. மணிமொழி பெற்றவளை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

நீ அனுப்பிய கியர் சாமான் போன மாதம் வந்து சேர்ந்தது. நீ சொன்னபடி, நான் வாங்கியதாகத்தான் மணிமொழியிடம் சொன்னேன். முப்பத்தொரு வருடம் லைன்மேனாக இருந்தவன் சைக்கிளுக்குக் கரண்டு கியர் வாங்கினால் நம்பலாம்தானே என்று நினைத்தேன். அவள் வலது கையைப் பற்றி நீ கேட்பதில்லை, நானே எழுதிவிடுகிறேன். தளவானூர் ரோட்டில் உளுந்துச் செடியைக் காயப்போட்டிருந்த இடத்தில் உன் வண்டி சறுக்கி, பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அறுந்த கட்டைவிரல் நரம்பு இன்னும் முழுசாகக் கூடவில்லை. தோசை பிய்ப்பாள், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலைக்குச் சாக்பீஸ் பிடித்துக் கோடு போடுவாள், அழுத்தித் தள்ள மட்டும் முடியாது. அவள் போட்டிக்கு ஓட்டும் சைக்கிள் நம் ஊர் சைக்கிள் மாதிரி இல்லை, ஹேண்டில்பாரில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குழலைப் பிடித்து, முழங்கையை ஊன்றி, படுத்தாற்போல ஓட்டவேண்டும். பழைய கியர் லீவர் வலது குழலின் நுனியில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் இடது கையைக் குறுக்கே கொண்டுபோய்த் தள்ளுவாள், வண்டி ஆடும், பின்னால் டிவிஎஸ்ஸில் போகும் நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போவேன்.

கேபிளைக் கழற்றி எறிந்துவிட்டு, மோட்டார் வைத்த புதுக் கியரைப் பின் சக்கரத்தில் மாட்ட எங்களுக்கு ஒரு ஞாயிறு பிடித்தது. மணிமொழி புத்தகத்தைப் படித்துப் படித்துச் சொன்னாள், நான் முடுக்கினேன். ஒயரே இல்லாமல் பட்டனை அழுத்தினால் பின்னால் தீப்பெட்டி அளவு பேட்டரியில் மோட்டார் சர்ரென்று செயினைத் தள்ளுகிறது, என் உத்தியோகத்தையே கேலி செய்கிற மாதிரி இருந்தது. கைப்பட்டன்களைக் கியரோடு இணைக்கவேண்டும் என்று போட்டிருந்தது, ஆனால் பார்சல் பிரிக்கும்போதே அவை இணைந்திருந்தன. அவள் போனில் அந்த ஆப்பைத் திறந்ததும் சாமான் எல்லாம் உன் பெயரில் வந்து நின்றது. என் பொய்யின் ஆயுசு அவ்வளவுதான். இரண்டு பட்டனும் இடது கைக்கே போட்டிருந்தாய், கட்டைவிரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று. மணிமொழி அந்தப் பட்டன்களைத் தொட்டுப் பார்த்தாள். "வலது பக்கம் ஒண்ணுமே வைக்கல" என்று மட்டும் சொன்னாள். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். கீழே கிடந்த முடுக்குகிற சாவியை எடுத்து என்னிடம் நீட்டினாள். அதன்பிறகு சீயமங்கலம் வரைக்கும் போய்ப் போய் வந்தாள், வண்டி ஆடவே இல்லை.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு மரக்காணத்தில் மாநில அணிக்கான தேர்வு. கடலில் நீச்சல், நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், பத்து கிலோமீட்டர் ஓட்டம், பெண்களில் முதல் நான்கு பேருக்கு இடம். அவளுக்கு இருபத்தெட்டு முடிகிறது, எத்தனை வருடம் இன்னும் ஓடுவாள். சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளை ஏற்ற வேன் வந்தது. வண்டி குலுங்கினால் மோட்டார் விழித்துக்கொண்டு பேட்டரி தீரும், கழற்றி எடுத்துப் போகவும் என்று புத்தகத்தில் இருக்கிறது, ஆகவே கழற்றினேன், கூடவே வந்த வெற்று மூடியை அங்கே மாட்டினேன். எங்கள் வேலையில் ஒரு வழக்கம், லைனில் கை வைக்கிறவன் கரண்டை நிறுத்தப் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வான். வேறு எங்கே வைத்தாலும் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள், மேலே இருப்பவன் செத்தான். கை தன்னால் பேட்டரியைப் பையில் போட்டது. அவளிடம் கொடுக்கத்தான் திரும்பினேன், அதற்குள் பக்கத்துத் தெரு மீனம்பாள் அக்கா வீட்டில் கரண்டு இல்லை, மாமா வந்து பாருங்கள் என்று ஆள் வந்தது. ரிட்டயர் ஆனால் என்ன, கூப்பிட்டால் போகாமல் இருக்க எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது வேன் போய்விட்டது, மணிமொழியும் அதிலேயே போய் அங்கே தோழி ஷோபனா வீட்டில் தங்கிவிட்டாள். எனக்கு நினைவே இல்லை.

ஞாயிறு காலை அம்மா துவைக்க எடுத்த என் சட்டையின் பையைத் துழாவிப் பேட்டரியை எடுத்து, "இன்னா இது" என்று கேட்டபோது மணி ஏழு. போட்டி ஆறுக்கே தொடங்கிவிட்டது. ஐந்தரைக்கு அவள் என்னை நான்கு தடவை அழைத்திருக்கிறாள், நான் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பால் வாங்கப் போயிருந்தேன். பேட்டரி இல்லாவிட்டால் கியர் நின்ற இடத்திலேயே நிற்கும். நான் சோதித்துப் பார்த்துக் கடைசிக்கு முந்தின கனத்த கியரில் விட்டிருந்தேன். அதே கியரில் கடல் காற்றுக்கு எதிராக நாற்பது கிலோமீட்டர் மிதித்திருக்கிறாள் இளவரசா, ஐந்தாவதாக வந்திருக்கிறாள். நான்காவது வந்த பெண்ணுக்கும் இவளுக்கும் ஐம்பது வினாடி. எத்தனையோ டிரான்ஸ்பார்மரில் ஏறியிருக்கிறேன், இவ்வளவு பயந்து நான் வீட்டு வாசலில் நின்றதில்லை. வந்தாள், சைக்கிளைச் சாய்த்தாள், "நைனா, பீஸ புடுங்குனா சொல்லிட்டுப் புடுங்கணும். இத நானா ஒனக்குச் சொல்லணும்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. நேற்றுவரை அவளுக்குக் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை, அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள்.

நான் செய்தது தப்பு, நேற்றே அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சரி விடு என்றாள். சொல்வதற்கு அவ்வளவு நேரம்தான் ஆகிறது. நீ விபத்துக்குப் பிறகு நான்கு மாதம் இதே வீட்டில் இருந்தாய், அவள் கட்டுப் பிரித்த கையை ஒரு தடவைகூடப் பார்க்காமல் விமானம் ஏறினாய். வண்டி சறுக்கியதற்கு அவள் உன்மேல் கோபப்படவில்லை, எனக்குத் தெரியும். பார்க்காமல் போனதற்குத்தான். எனக்கும் அந்தக் கோபம் இருக்கிறது, எழுதாமல் வைத்திருந்தேன்.

தை மாதம் தூத்துக்குடியில் இன்னொரு தேர்வு உண்டு, அதில் இரண்டு பேரைச் சேர்ப்பார்கள். இன்று காலை பேட்டரியை மாட்டிக்கொண்டிருந்தபோது மணிமொழி வந்து நின்றாள். கட்டைவிரலுக்கு லேசான கியர் வேண்டுமாம், இரண்டு பட்டனையும் மாற்றிப் போட வேண்டுமாம். "அது அவன் கணக்குல இருக்குது. அவன்தான் மாத்தணும். எனக்குப் போன் பண்ணச் சொல்லு" என்றாள். நானே உன்னை இப்போதே கூப்பிட்டுக் கேட்கட்டுமா என்றேன். "நீ பேச வேணாம் நைனா, அவன் எங்கிட்ட பேசட்டும்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டாள்.

பேட்டரியைக் கழற்றாதே, தலைக்குக் குல்லா போடு, ஊறுகாய் மேல் எண்ணெய் நிற்கட்டும் என்று அம்மா எழுதச் சொல்கிறாள், முதலாவது எனக்குச் சொன்னது. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, உடம்பும் மனசும் திடமாக இருக்கட்டும். மாலை ஆறு மணிக்குமேல் கூப்பிடு, அவள் வீட்டில் இருப்பாள். ஒன்று மட்டும் தெரிந்துகொள். பழைய இணைப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து இணைத்தால் உன் கணக்கு இல்லாமலே அந்தப் பட்டன்களை மாற்றலாம், புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டியதே அவள்தான்.

உன் நைனா,
தனகோட்டி