மாடி அறையின் இருமல்

பிள்ளைப்பாக்கம்
10.06.2025

இயேசுவுக்குள் அன்பான தம்பி கொம்பையாவுக்கு,

போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்று எழுதுகிறேன். நீ ஊருக்குப் போன மறுநாளே நீ குடியிருந்த மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டோம். டிபி வந்தவனைத் திரும்பக் குடிவைக்க முடியாது. உன் பெட்டியை உன்னோடு வேலை பார்க்கும் ரகுவிடம் கொடுத்துவிட்டேன். இத்தனை நாள் சோறு போட்டவளா இப்படி என்று நினைப்பாய். நான் சர்க்கரைக்காரி, என் உடம்பு எதையும் தாங்காது.

இங்கு எல்லோரும் சுகம். சுகர் அடங்கி நான் நன்றாக இளைத்திருக்கிறேன். ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைத்தாயிற்று. சர்ச்சில், "இன்னா ஞானம்மா, வயசு கொறஞ்சிகினே போவுது" என்கிறார்கள். லாரிப் புழுதியில் வந்த இந்தப் பாழும் இருமல்தான் விடமாட்டேன் என்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு.

உனக்காக ஜெபிக்கும்,
ஞானம்மா


விளாத்திகுளம்
19.06.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்குக் கோபம்தான். எனக்கு டிபி என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டீர்களாம். ரகு அலைந்தும் எனக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. தங்க இடமில்லாமல் எப்படி வேலைக்குத் திரும்புவேன்?

ஆனால் எழுதுவது அதற்காக இல்லை. இங்கே ஆஸ்பத்திரியில் டிபி என்றதும் சுகரும் பார்த்தார்கள். எனக்கு இல்லை. எதற்கு என்று கேட்டேன். "சுகர் இருந்தா டிபி லேசா ஒட்டிக்கிடும். டிபி வந்தா சுகர் ஏறும்" என்றார் நர்ஸ். யாரோடு பழகினாய் என்று கேட்டபோது உங்களைச் சொன்னேன். நீங்கள் பொங்கலிலிருந்து இருமுகிறீர்கள். எனக்குச் சித்திரையில்தான் ஆரம்பித்தது. சுகர் அடங்கியதால் யாரும் இப்படி உருகிப்போக மாட்டார்களாம். தயவுசெய்து சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கொம்பையா


பிள்ளைப்பாக்கம்
08.07.2025

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துத்தான் போட்டேன். அவ்வளவு ஆத்திரம். சளியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிபிதான். சுகரும் முந்நூறுக்கு மேல். மாத்திரையும் இன்சுலினும் ஆரம்பித்துவிட்டார்கள்.

டிபி ஊழியர் வீட்டுக்கு வந்து விசாரித்தார். என் மகன் சாம்சன் முந்திக்கொண்டு, "மாடில இருந்த பையன்தான் சார் குட்துட்டுப் போய்ட்டான்" என்றான்.

"இல்ல சார், எங்கிட்டேர்ந்துதான் அந்தப் புள்ளைக்குப் போயிருக்கும்" என்றேன். வாசலில் அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.

அன்றிலிருந்து சாம்சன் என்னோடு பேசுவதில்லை. அறை காலியாகத்தான் கிடக்கிறது. இனி இந்த வீட்டுக்கு யாரும் குடிவரமாட்டார்கள். நீ வருகிறாயா?

ஞானம்மா