பசைக்குக் கொடுத்த மா

14 டிசம்பர், திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் இன்று ஆறு பேர். அம்மாமார் எல்லாம் மலையில், தேயிலைக் கொழுந்து பறிக்க. வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்தார். கையில் சிவப்பு, பச்சைக் கடதாசி, ஒரு டின் கோதுமை மா. வெள்ளிக்கிழமை தோட்டத் துரையின் மனைவி, துரைசானி, நத்தார்ப் பண்டிகைக்குப் பிள்ளைகளைப் பார்க்க வருகிறாராம். சுவர் முழுக்கக் கடதாசிச் சங்கிலி தொங்க வேண்டுமாம்.

"இது பசைக்கு மட்டுந்தான், ஆயாம்மா. வேற எதுக்கும் எடுத்துறாதீங்க."

யுத்தத்தோடு நின்றுபோன மத்தியானக் கஞ்சியைப் பற்றி மறுபடியும் கேட்டேன். "சங்கிலியப் பாத்துத் துரைசானி மனசு குளுந்தா, அந்த நேரம் கேளுங்க" என்றார். சரி. சங்கிலி நன்றாக இருக்கும். நான் யார் மகள்.

15, செவ்வாய்
கொஞ்சம் வெயில். பசை காய்ச்சினேன். அந்த வாசம் பட்டதும் மாத்தளை வீடு. மாசித் தேருக்கு அப்பா கடதாசிப் பூ கட்டுகிறார், அம்மா பசை கிண்டுகிறார், நானும் தம்பியும் வளையம் ஒட்டுகிறோம். விரலில் பட்டதைத் தம்பி நக்குவான், முதுகில் ஒன்று விழும், எல்லாரும் சிரிப்போம். பசைக்கு முன்னால் அம்மா ஒரு பிடி மா எடுத்து வைப்பார். பூ கட்டி முடிந்ததும் கித்துள் கருப்பட்டி போட்டுத் தோசை. அப்பாவின் கத்தரிக்கோல்தான் இப்போது என்னிடம். இன்று அவரை ரொம்பத் தேடியது மனசு.

நான் வெட்டக் குஞ்சுகள் ஒட்டின. பதினொரு வளையம். அதற்குள் சட்டி காலி. ராமன் வாயைச் சுற்றி வெள்ளை. தம்பி வேலைதான் என்று சிரித்துக்கொண்டேன்.

மறக்காமல்: மண்ணெண்ணெய். முத்தாயிக்குச் சிரங்கு மருந்து. ஜன்னல் கொக்கி.

16, புதன்
மழை. தம்பிக்கு அம்மா செய்த அதே வைத்தியம்: பசையில் வேப்பிலை அரைத்துக் கலந்தேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஐந்து பேர் நக்கிப் பார்த்துத் துப்பினார்கள். முத்தாயி மட்டும், நாலு வயது, மூலையில் உட்கார்ந்து நக்கிக்கொண்டே இருந்தாள்.

"கசக்கலையாடி?"

"கசக்குது, ஆயாம்மா." மறுபடியும் விரலை விட்டாள்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"சாயத் தண்ணி." பால் இல்லாத வெறும் தேத்தண்ணீர்.

தம்பி நக்கினது விளையாட்டுக்கு. வயிறு நிறைந்த பிள்ளை அவன். நேற்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

17, வியாழன்
மிச்ச மா முழுவதும் கஞ்சி. உப்பு, அரை மூடித் தேங்காய்ப் பால். கருப்பட்டிக்கு எங்கே போவது. ஆளுக்கு ஒரு கோப்பை, பிறகு அரைக் கோப்பை. ஆறு பேரும் ஒரே நேரத்தில் தூங்கி இன்றுதான் பார்த்தேன்.

பசைக்குப் பதிலாகப் பலாப்பாலில் ஒட்டிப் பார்த்தேன். கடதாசி விரலோடு வந்தது. ஆக, பதினொரு வளையம்தான். ஒரு நாள் கஞ்சிக்காக இனிமேல் வரவிருந்த கஞ்சியைக் கெடுத்துக்கொண்டேனோ.

18, வெள்ளி
பனி மூட்டம். பத்து மணிக்குத் துரைசானி. கையில் மிட்டாய்ப் பை. சுவரைப் பார்த்தார். ஆணியில் ஒரு முழச் சங்கிலி. மீதி எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார். கண்டாக்கையா என்னை முறைத்தபடி அதைத் தமிழில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் முத்தாயி:

"தின்னுட்டோம்."

மழையில் நனைந்துவிட்டதாகக் கண்டாக்கையா துரைசானியிடம் சொன்னார். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் எனக்கும் கொஞ்சம் உண்டு. இல்லை, பசியில் பசையைச் சாப்பிட்டார்கள், மிச்ச மாவை நான்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன் என்றேன்.

துரைசானி முத்தாயி முன்னால் குந்தி மிட்டாயை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, அடுப்பிலிருந்த வெறும் சட்டியைப் பார்த்தாள்.

"இன்னைக்கும் பசை காய்ச்சுவீங்களா, ஆயாம்மா?"

என்ன சொல்கிறாள் என்று துரைசானி கேட்டார். இந்தத் தடவை கண்டாக்கையா சரியாகவே மொழிபெயர்த்தார்.