கடை மூடியாச்சு

மார்ச் 4

போன வருடம் பேன்ட்டின் இடுப்பைப் பிடிக்கச் சொன்ன அதே மனிதர், இன்று அதையே விடச் சொல்லி என் தையல் கடைக்குக் கொண்டுவந்தார். துணி இழுத்துக்கொண்டதாம். ஆமாம், துணிதான். சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தேன். அவர் படி இறங்கியதும் வெட்டு மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "அம்மா, கடை முகம்." நான் நாக்கைத் துருத்தி, "கடை மூடியாச்சு" என்றேன். அதன் பிறகுதான் என் பொண்ணு பட்டன் வெளியே வந்தாள்.

கடை முகம் என்பது அவள் வைத்த பெயர். வாடிக்கையாளருக்காக நான் மாட்டிக்கொள்ளும் முகம். அவளுக்கு அது பிடிக்காது. போலி என்பதற்காக இல்லை, எப்போது கழற்றுவேன் என்று தெரியாததால். அதனால் ஆள் போனதும் நான் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் என் பக்கத்திலேயே வரமாட்டாள்.

ஐந்தாவதோடு அவள் பள்ளி முடிகிறது. ஆறாவதுக்கு எங்கே? ஆட்டிசம் என்று சொன்னதும் ஃபோனில் குரல் மாறுகிறது. இன்று ஒரு பள்ளியில், "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்றார்கள். மேடம்தான் பேசிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

மார்ச் 9

பட்டன் வெட்டுத்துணியில் ஆமை தைத்திருக்கிறாள். அதன் முதுகு ஓட்டைச் சுற்றி ஜிப். திறந்தால் உள்ளே இன்னொரு ஆமை, அதற்கு ஜிப் இல்லை. "இதை எப்படித் திறக்கிறது?" என்று கேட்டேன். "திறக்க முடியாது. அது வீட்ல இருக்கு" என்றாள். என் தொழில் இது, ஆனால் வளைவில் ஜிப்பைச் சுருக்கமில்லாமல் தைக்க எனக்கே இவ்வளவு சுத்தமாக வராது.

அக்கா வந்தாள். அவள் பையன் படிக்கும் பள்ளியிலேயே கேள் என்கிறாள். "நாலு பிள்ளைங்களோட பழகினா சரியாயிடுவா. நீ பொத்திப் பொத்தி வளர்க்கிற." சரியாவதற்கு என்ன உடைந்திருக்கிறது? கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 15

அக்கா சொன்ன பள்ளி. எங்கே போனாலும் பிள்ளைகள் சுவரோரமாக வரிசையில் நடக்கிறார்கள், தண்ணீர் குடிக்கக்கூட. வரிசைப் பள்ளி என்று பெயர் வைத்துவிட்டேன். மணி அடித்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். "தனி கவனிப்பெல்லாம் எங்களால முடியாதுங்க. ஆனா பொண்ணு எப்படிப் பேசுறான்னு பார்ப்போம். பேசினா சேர்த்துக்கலாம்."

பேசினா. அவளிடம் ஆமையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், எப்போது நிறுத்துவாள் என்றிருக்கும்.

மார்ச் 17

மரச்சாமான் கடைக்கு மேலே, மாடியில் ஒரு பள்ளி. கீழே இழைக்கிற மரத்தின் வாசனை மேலே வரைக்கும் வருகிறது. மணி கிடையாது, நேரம் முடிந்தால் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. ஒரு குழந்தை மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. டீச்சர் தரையில் குப்புறப் படுத்து அதற்குப் பாடம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வெளியே வா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நான் மாடிப்படியில் வந்து அழுதேன். பள்ளியை நடத்தும் பெரிய மேடம் செருப்பில்லாமல் பின்னாலேயே வந்து, பக்கத்தில் உட்கார்ந்தார். "இடம் கொஞ்சம்தாங்க இருக்கு. கேக்கறவங்க நிறைய. யாருக்கு எங்க உதவி இல்லாம முடியவே முடியாதோ, அவங்களுக்குத்தான் முதல்ல. பொண்ணை அவ இருக்கிற மாதிரியே கூட்டிட்டு வாங்க, போதும்."

இருக்கிற மாதிரியே. இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

மார்ச் 20

இரண்டு பள்ளிக்கும் நேர்காணல் அடுத்தடுத்த நாள். மாடிப் பள்ளி போதும் என்றேன். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அல்லவா, "ஒரே கயித்துல எந்த லிஃப்டும் தொங்காது. அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்" என்றார். சொன்னது தப்பில்லை. மாடியில் கிடைக்காவிட்டால் வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஆக, வரிசைப் பள்ளிக்காகப் பயிற்சி. கடை முகம் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். யார் வந்தாலும் வணக்கம். கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவத்துக்கு நடுவே பார். கையை உதறாதே, பாவாடையைப் பிடித்துக்கொள். சத்தம் கேட்டால் காதைப் பொத்தாதே. ஏதாவது குத்தினாலும் உறுத்தினாலும் அங்கே சொல்லாதே. எல்லாரையும் நீங்க என்று சொல்.

"உன்னையுமா?"

"என்னை வேண்டாம். நான் எப்பவும் நீதான்."

ஏப்ரல் 2

இன்று புருவத்துக்கு நடுவே பார்த்து, "நான் நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க?" என்று பிசிறில்லாமல் சொன்னாள். இவர் கைதட்டினார்.

ஏப்ரல் 10

வரிசைப் பள்ளி. ஒரு தப்பு இல்லை. நடுவில் மணி அடித்தது. பாவாடையை அவள் இறுக்கிப் பிடித்ததில் மடிப்புக் கலைந்தது, அவ்வளவுதான். தலைமையாசிரியர் என்னைப் பார்த்து, "இவளுக்கா ஆட்டிசம்?" என்றார். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பூரித்துப்போனேன். வரும் வழியில் அவளுக்குக் கலர் கலராக ஜிப் வாங்கிக் கொடுத்தேன்.

கடை வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நேராகப் போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 11

எங்கிருந்து எழுத. மாடிப் பள்ளி. பெரிய மேடம் அவளுக்காக மேசை மேல் துணியும் களிமண்ணும் பரப்பி வைத்திருந்தார். பட்டன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "வணக்கம். நான் நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள். "ஏதாவது செய்யலாமா?" "பரவாயில்லைங்க, நன்றி." "பையில என்ன?" "ஒண்ணுமில்லைங்க." பையில் ஆமை இருந்தது. கீழே ரம்பம் கத்தியது. அவள் இமைக்கக்கூட இல்லை.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பக்கத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானும் கடை முகத்தோடுதான் போயிருக்கிறேன்.

படி இறங்கும்போது கேட்டாள்: "கடை இன்னும் தொறந்துதானே இருக்கு? நேத்து நீ மூடவே இல்லையே."

சொல்லவில்லை. நேற்று நான் "கடை மூடியாச்சு" என்று சொல்லவே இல்லை. ஆள் காத்திருக்கிறது என்று மெஷினில் போய் உட்கார்ந்தேனே, அதில் மறந்துபோனேன். ராத்திரி முழுக்க, காலையில், பஸ்ஸில், அந்த நாற்காலியில் — எப்போது மூடச் சொல்வேன் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என் பொண்ணு. திரும்ப மேலே ஓடினேன். அடுத்த குடும்பம் உள்ளே போய்விட்டது. கதவருகே நின்று மூச்சு வாங்கச் சொன்னேன், இது அவள் இல்லை, நான் சொல்லிக் கொடுத்தது என்று. பெரிய மேடம் தலையசைத்தார். எல்லா அம்மாக்களும் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் வருவார்கள் போலிருக்கிறது.

ஏப்ரல் 19

பெரிய மேடம் ஃபோன் செய்தார். "உங்க பொண்ணு நல்லா சமாளிக்கிறாங்க. சமாளிக்கவே முடியாத ஒரு குழந்தைக்கு அந்த இடத்தைக் குடுத்துட்டோம். மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

அந்தக் குழந்தையின் அம்மா இப்போது எங்கேயோ உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதுகொண்டிருப்பாள். அவளைத் திட்டவும் மனம் வரவில்லை.

வரிசைப் பள்ளியில் கிடைத்துவிட்டது. அக்கா இனிப்போடு வந்தாள்.

ஜூன் 6

பள்ளி திறந்தாகிவிட்டது. ஊரில் உள்ள சீருடையெல்லாம் என் மேசையில்தான் கிடக்கிறது. பிடி, விடு, மடித்துத் தை. தலை நிமிர நேரமில்லை.

ஜூன் 14

"ஸ்கூல் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

வேறு ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் ஒரு நாள் நடந்ததை மூன்று நாள் சொல்வாள்.

ஜூன் 25

வகுப்பு டீச்சரைப் பார்த்தேன். "தொந்தரவே இல்லாத குழந்தை. இருக்கிற இடமே தெரியாது" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். இவர் சந்தோஷப்பட்டார். வெட்டுத்துணிப் பை நிரம்பி வழிகிறது, அவள் தொடவில்லை. கலர் ஜிப்பெல்லாம் கட்டுப் பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது. "எதாவது தைக்கலையா?" என்று கேட்டால், "அப்புறம்."

ஜூலை 3

தலை வாரும்போது பார்த்தேன். பின்கழுத்தில் தோல் உரிந்து சிவந்திருக்கிறது, ஒரு ஓரத்தில் நீர் கோத்திருக்கிறது. சட்டைக் காலரைத் திருப்பினால் லேபிள். சீருடையில் நான் லேபிளைப் பிரிக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து இவள் போட்ட ஒவ்வொரு துணியிலும் முதல் வேலையாக லேபிளைப் பிரித்தவள் நான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தைத்தேன். முன்பு ஒரு நூல் உறுத்தினால் தெருவே கேட்கக் கத்துவாள். பள்ளி திறந்த நாளிலிருந்து இதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

"ஏன்டி சொல்லலை? வலிக்கலையா?"

"வலிச்சுது. குத்தினா சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்களே."

நீங்க. என்னை நீங்க என்கிறாள். எப்போதிலிருந்து? எத்தனை நாளாகச் சொல்கிறாள், என் காதில் விழாமலே?

"அது அங்கதான்டி. இது வீடு. கடை மூடியாச்சு. அம்மா சொல்றேன்ல, மூடியாச்சு, மூடியாச்சு —"

என் புருவத்துக்கு நடுவே பார்த்துக்கொண்டு, சிரித்த முகமாகவே சொன்னாள்: "எப்படி மூடுறதுன்னு மறந்துபோச்சுங்க."

ஐயோ, என் கையால நானே பண்ணிட்டேனே. என்ன பண்ணுவேன் நான். பெத்த பொண்ணு என்னைக் கடைக்கு வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்க்குது.

ஜூலை 4

பள்ளிக்கு அனுப்பவில்லை. இனி அனுப்பப் போவதும் இல்லை. இவர் சட்டையை வாங்கி அந்தக் காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜூலை 9

பெரிய மேடத்துக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் சரியா பார்க்கலை" என்றார். இடம் இப்போது இல்லை, அடுத்த வருடம் முதலில் கூப்பிடுவாராம். அதுவரைக்கும் எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள், அதுவாக உதிரட்டும் என்றார். உதிருமா என்று கேட்டேன். தெரியாது என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

பட்டனிடம், இனி அதெல்லாம் வேண்டாம், மறந்துவிடலாம் என்று சொன்னேன். "சரிங்க. மறக்கிறதுக்குப் பயிற்சி எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 22

கடையில் என்னோடுதான் இருக்கிறாள். மத்தியானம் ஒரு அம்மா ரவிக்கையோடு வந்தார். மேசைக்கு அடியிலிருந்து பட்டன் தானாக எழுந்து வந்து, "வணக்கம். நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள். அந்த அம்மா நெகிழ்ந்துபோனார். "எவ்வளவு நல்லா வளர்த்திருக்கீங்க. எங்க வீட்லயும் இருக்கே ஒண்ணு." நான் சிரித்தேன். வேறென்ன செய்ய.

அவர் போன பிறகும் பட்டன் அதே இடத்தில், அதே சிரிப்போடு நின்றிருந்தாள். கடை மூடியாச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை நாள் சொல்லிப் பார்த்தாகிவிட்டதே. எழுந்து போய், ஷட்டரைப் பிடித்து நிஜமாகவே தரை வரைக்கும் இழுத்துவிட்டேன். உள்ளே இருட்டாகிவிட்டது. ஃபேனையும் நிறுத்தினேன். வெளியே யாரோ தட்டினார்கள். நான் திறக்கவில்லை. அவள் ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக மேசைக்கு அடியில் போனாள். நானும் தவழ்ந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். துணிப் பைக்குள் அவள் கை அளைகிற சத்தம் கேட்டது.

"அந்த அம்மா போயாச்சா?"

"போயாச்சு."

"நீயும் போ."

நீ என்றாள். முழங்காலால் என்னைத் தள்ளிவிட்டாள், நன்றாகவே வலித்தது. பின்கதவு வழியாக வெளியே வந்து, படியில் உட்கார்ந்தேன்.